தங்கையின் பங்கை எந்தத் தராசில் நிறுக்கிறோம்?

 



அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நம் தந்தையர் சில ஆயிரங்களுக்கு வாங்கிய மனைகள் இன்று பல இலட்சம் பெறுகின்றன. அவர்கள் மறைந்தபின் அம்மனையைப் பங்கிடும்போது, பலர் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பை எடுத்து வைத்து, "இதுதான் அரசாங்க விலை" என்று சகோதரிக்குக் கணக்குத் தீர்க்கிறார்கள். இது நீதியா?

வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வை வசூலிப்பதற்கான அளவுகோல். 2017 ஜூன் மாதத்தில் தமிழக அரசு அதனை 33 சதவீதம் குறைத்தது. அந்த ஒரே நாளில் நம் மனைகளின் சந்தை விலையும் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டதா? இல்லையே! அவ்வாறிருக்க, அது எப்படி வாரிசுகளின் உரிமைக்குத் தராசாகும்?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டு மரணிக்கிறார். வேறு வாரிசு இல்லை. வீட்டின் சந்தை விலை 48 இலட்சம். வழிகாட்டி மதிப்பு 24 இலட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்றாக 6 இலட்சம்; எஞ்சியதில் மகனுக்கு 28, மகளுக்கு 14 இலட்சம். மகன் வீட்டை வைத்துக்கொண்டு வழிகாட்டி மதிப்பில் கணக்குத் தீர்த்தால் தாய்க்கு 3, மகளுக்கு 7 இலட்சமே கிடைக்கும். பத்து இலட்சம் பிறருடைய ஹக்காக அவரிடம் தங்கிவிடுகிறது!

வரிக்குப் பயந்து விலையைக் குறைப்பதாகச் சிலர் கூறுகின்றனர். 1953-இல் வந்த எஸ்டேட் வரி 1985 மார்ச்சிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்று நம் நாட்டில் வாரிசுச் சொத்துக்கென வரி இல்லை. பிற்பாடு விற்கும்போதுதான் மூலதன ஆதாய வரி வரும்.

விவசாய நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்போரும் உண்டு. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் விலக்கப்பட்டிருந்தது உண்மையே. ஆனால் 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அவ்விலக்கை நீக்கிவிட்டது.

உஹதில் ஷஹீதான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் சொத்து முழுவதையும் அவர்களின் சகோதரர் எடுத்துக்கொண்டார். இரு பெண்மக்களுடன் அவர்களின் துணைவியார் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டும் துணைவியாருக்கு எட்டில் ஒன்றும் கொடுத்து, மீதியையே எடுத்துக்கொள்ளுமாறு அந்தச் சகோதரருக்கு நபியவர்கள் உத்தரவிட்டார்கள்.

அன்பர்களே! முதலில் ஜனாஸாச் செலவு, பிறகு கொடுக்கப்படாத மஹர் உள்ளிட்ட கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத். அதன் பின்னரே பங்கீடு. மரணித்த நொடியிலேயே வாரிசுகள் அனைவரும் கூட்டு உரிமையாளர்கள். எனவே பங்கிடும் நாள்வரை ஏறிய விலையிலும் வந்த வாடகையிலும் அனைவருக்கும் பங்குண்டு. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு அன்றைய சந்தை விலையை எழுதி வாங்குங்கள். அதனை எல்லா வாரிசுகளிடமும் காட்டியபின் கையெழுத்துக் கேளுங்கள். உண்மை விலையை அறிந்து, மனமுவந்து சகோதரி விட்டுக்கொடுத்தால் அது அவருடைய தாராளம். அறியாமல் இட்ட கையெழுத்து மறுமையில் நம்மைக் காக்காது.

அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என எச்சரிக்கும் அத்தியாயம் கடைக்காரருக்கு மட்டும் இறங்கியதன்று.

உரியவருக்கு உரியதை நிறைவாக வழங்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.