குழந்தைக்குக் காய்ச்சல்

நள்ளிரவிலே இரண்டு வயதுக் குழந்தையின் நெற்றியைத் தொட்ட தாய் திடுக்கிட்டு எழுகின்றாள். உடல் அனலாய்ச் சுடுகின்றது. பாட்டியார் கொத்தமல்லி அவிக்க அடுப்பை மூட்டுகின்றார். தகப்பனார் கம்பளியைத் தேடி எடுத்துக் கழுத்துவரை போர்த்துகின்றார். அன்பினால் நிகழும் இவ்வாரவாரத்திலே அந்தக் கம்பளி ஒன்றுதான் வேண்டாதது. மூடிய உடலிலிருந்து வெப்பம் வெளியேற வழியில்லை.

காய்ச்சல் ஒரு நோயன்று. நோயை எதிர்க்கும் உடலின் செயல். கிருமி உட்புகுந்ததும் மூளையின் அடிப்பாகத்திலுள்ள சிறு பகுதியொன்று உடலின் வெப்பநிலையை உயர்த்தி விடுகின்றது. 38 பாகை செல்சியசை எட்டினால் அது காய்ச்சல். பழைய வெப்பமானியிலே பரனைற் 100.4. ஆயினும் இந்த எண்ணை மட்டும் கொண்டு நோயின் கடுமையை அளத்தல் இயலாது. 39 பாகையிலும் விளையாடுகின்ற குழந்தையைக் காட்டிலும், 38 பாகையில் துவண்டு, பாலையும் நீரையும் மறுக்கின்ற குழந்தையே கவலைக்குரியது. மூன்று மாதம் நிறையாத சிசுவின் நிலை வேறு. அதற்கு 38 பாகை கண்டவுடனேயே வைத்தியசாலையை நாட வேண்டும்.

பரசிற்றமோல் மருந்தைக் குழந்தையின் நிறைக்கேற்ப, வைத்தியர் குறித்த அளவிலே கொடுக்கலாம். அஸ்பிரினும் ஐபுபுரோபனும் கூடா. டெங்கு நோயாயின் அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும்.

டெங்கைப் பற்றி இலங்கைத் தாய்மாருக்குச் சிறப்பாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 180,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். அதன் வஞ்சகம் யாதெனில், காய்ச்சல் தணியும் வேளையிலேதான் பெரும்பாலும் ஆபத்து நெருங்குகின்றது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உடல் குளிர்ந்தது கண்டு வீட்டார் நிம்மதியாக உறங்கச் செல்வர். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்குவதும் அப்பொழுதே. கைகால் சில்லிடுதல், ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்படின், விடியுமட்டும் காத்திருத்தலாகாது. இவை யாவும் இல்லாவிடினும், மூன்றாம் நாளிலும் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் அவசியம்.

காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும், மருந்து கொடுத்த வேளையையும், கடைசியாகச் சிறுநீர் கழிந்த நேரத்தையும் தாய் ஒரு தாளிலே குறித்து வைத்திருப்பாளாயின் மிக நன்று. வைத்தியர் முதலிற் கேட்பவை அவையே.