ஐப்பசி மழையில் பச்சைப்பிள்ளைக்கு என்ன உடுத்துவது?

(மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டதும் முன்வரிசையில் இருக்கும் பாட்டி சிரித்துவிட்டார். "ஏன் டீச்சர், பச்சப்புள்ளைக்குத் துணி உடுத்துறதையுமா சங்கத்துல சொல்லித் தரணும்? நான் ஏழு புள்ள வளத்தவ" என்றார். நியாயமான கேள்வி. பாட்டிக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை. ஆனால் இது ஏன் சங்கத்தின் வேலை என்பதைக் கூட்டம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் இதே ஐப்பசியில், எனது வகுப்பில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி நான்கு நாட்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. விசாரிக்க லயத்துக்குப் போனேன். அம்மா மலைக்குப் போய்விட்டார். மூன்று மாதம்கூட நிறையாத தம்பியை இவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மடுவத்தில் கூரை ஒழுகுகிறது என்று அம்மா அங்கே விடவில்லை. காலை ஆறரை மணிக் குளிரில் பிள்ளைக்குச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், தொப்பி, காலுறை எல்லாம் போட்டு, போர்வையாலும் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நேரத்துக்கு அது சரிதான்.

நான் போனபோது மணி பதினொன்று. வெயில் தகரத்தில் அடித்துக் காம்பரா அடுப்பு மாதிரி இருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. பிள்ளை சுற்றிய போர்வையோடு முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்க்குருவாக, துவண்டு கிடந்தது. "ஏன்டா கண்ணு, போர்வைய எடுக்கலையா?" என்று கேட்டேன். "அம்மா சுத்தி வைக்கச் சொன்னாங்க டீச்சர்" என்றாள். அவள் சொன்ன சொல் தவறாத பிள்ளை. அவள்மேல் குற்றம் இல்லை. துணியைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து, அம்மாவுக்கு ஆள் அனுப்பி, அவர் வந்து பால் கொடுத்த பிறகுதான் பிள்ளை தெளிந்தது.

அன்று எனக்கு விளங்கியது இதுதான். எங்கள் மாவட்டத்தில் ஐப்பசி மாதம் ஒரே நாளில் மூன்று காலநிலை. விடியலில் பனியும் குளிரும். பகலில் சுள்ளென்ற வெயில். பிற்பகல் இடியோடு மழை. காலையில் உடுத்திய துணி பகலுக்கு ஆகாது, பகலில் உடுத்தியது மழைக்கு ஆகாது. எனவே எந்தத் துணி என்பதைவிட, மாற்றிவிட ஆள் யார் என்பதுதான் பெரிய கேள்வி.

முதலில் பிள்ளையின் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். பச்சைப்பிள்ளையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்தால் நமக்கு உடம்பு நடுங்கிச் சூடாகும். பச்சைப்பிள்ளைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. தோல் மெல்லியது, கொழுப்பு குறைவு. தலையோ உடம்பின் நீளத்தில் கால்வாசி. அந்தத் தலை வழியாகவே நிறையச் சூடு போய்விடும். ஈரம் உலரும்போதும், காற்றுப் படும்போதும், குளிர்ந்த சீமெந்துத் தரையில் கிடத்தும்போதும், குளிர்ந்த சுவரோரம் படுக்கவைக்கும்போதும் சூடு இறங்கும். நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு, அதாவது 2,500 கிராமுக்குக் கீழே பிறந்த பிள்ளைக்கு, ஆபத்து இன்னும் கூட. அப்படிப் பிறக்கும் பிள்ளைகள் இந்த நாட்டில் நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டத்தில்தான் அதிகம். ஆகவே இது நமது விஷயம்.

அளவு என்ன? உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிது: பெரியவர்கள் உடுத்தியிருப்பதைவிட ஒன்றிரண்டு அடுக்கு கூட. நீங்கள் ஒரு சட்டையோடு சுகமாக இருந்தால் பிள்ளைக்கு ஒரு பருத்திச் சட்டையும் மேலே ஒரு துணியும் போதும். நீங்கள் ஸ்வெட்டர் தேடும் நேரத்தில் பிள்ளைக்கு இன்னும் ஒன்று கூட்டுங்கள். தடித்த துணி ஒன்றைவிட மெல்லிய துணி இரண்டு நல்லது. ஒன்றைக் கழற்றலாம், திரும்பப் போடலாம். உடம்போடு படுவது பருத்தியாக இருக்கட்டும். துவைத்துத் துவைத்து மெதுவான பழைய வேட்டித்துணிக்கு ஈடு கடையில் இல்லை. கம்பளி நேராகத் தோலில் பட்டால் உறுத்தும், அது மேலே இருக்கட்டும். இறுக்கிச் சுற்ற வேண்டாம், கைகால் அசைய இடம் வேண்டும்.

ஒரே மாவட்டம் என்றாலும் எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. உக்குவளைப் பக்கம் கீழே இறப்பர், கொக்கோத் தோட்டத்தில் இருக்கும் பிள்ளைக்குப் போதுமான துணி, இரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் காற்று வீசும் மலையில் இருக்கும் பிள்ளைக்குப் போதாது. அதனால் பக்கத்து வீட்டைப் பார்த்து உடுத்தாமல், உங்கள் கையை நம்புங்கள். பிள்ளையின் கையை மட்டும் தொட்டுப் பார்த்துக் குளிர் என்று முடிவுசெய்ய வேண்டாம், பச்சைப்பிள்ளையின் கை சாதாரணமாகவே சில்லென்றிருக்கும். நெஞ்சையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் சுகம். நெஞ்சு சூடாக இருந்து பாதம் குளிர்ந்தால் பிள்ளைக்குக் குளிரத் தொடங்கிவிட்டது, ஒரு துணி கூட்டுங்கள். இரண்டும் குளிர்ந்தால் ஆபத்து. பிடரி வியர்த்து, முகம் சிவந்து, பிள்ளை சிணுங்கினால் துணி அதிகம், ஒன்றைக் கழற்றுங்கள். காலை, பகல், மழை தொடங்கும்போது, இரவு படுக்கும்போது என்று நான்கு தடவையாவது தொட்டுப் பாருங்கள்.

தொப்பி விடியலிலும் மழையிலும் வெளியில் போகும்போதும் வேண்டும். காம்பரா சூடானால் கழற்றிவிடுங்கள். தூங்கும்போது மல்லாக்கப் படுக்கவையுங்கள். போர்வை நெஞ்சுக்கு மேலே ஏறக்கூடாது, எவ்வளவு குளிரானாலும் முகத்தை மூடக்கூடாது.

பிள்ளை குளிர்ந்துவிட்டால் போர்வைமேல் போர்வை போட்டுப் பயனில்லை. போர்வை இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, இல்லாத சூட்டைக் கொண்டுவராது. சூடு தருவது தாயின் உடம்பு. சட்டையைக் கழற்றி, நாப்கினும் தொப்பியும் மட்டும் வைத்து, உங்கள் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து, மேலே போர்த்திப் பால் கொடுங்கள். இதைத்தான் ஆஸ்பத்திரியில் கங்காரு முறை என்கிறார்கள். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், குறைமாதப் பிள்ளைகளை வைக்க இன்குபேட்டர் போதாமல் போனபோது தொடங்கிய முறை அது. தகப்பனின் நெஞ்சும் இதற்கு ஆகும். பின்னால் நிற்கும் தோழர்கள் கவனிக்கவும்.

ஒரு மணி நேரத்தில் சூடு ஏறாவிட்டால், பால் குடிக்காவிட்டால், துவண்டு கிடந்தால், நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், காய்ச்சல் அடித்தால் காத்திருக்க வேண்டாம். விடியட்டும் என்றோ தோட்டத்து லொறி வரட்டும் என்றோ நிற்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அதற்குக் காசு இல்லை.

குளிப்பாட்டுவது பற்றி ஒரு வார்த்தை. பிறந்த பிள்ளையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். பிறகும் இந்த மாதத்தில் வெயில் இருக்கும் பகல் நேரமே நல்லது. தலையை முதலில் துடைத்து உலர்த்துங்கள். குளிப்பாட்டி முடித்ததும் சாம்பிராணிப் புகை காட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாசம் நல்லதுதான், ஆனால் பிள்ளையின் நெஞ்சுக்கு அந்தப் புகை ஆகாது. கரி நெருப்புச் சட்டியைப் பூட்டிய காம்பராவுக்குள் வைப்பது உயிருக்கே ஆபத்து. பாட்டி இதில் என்னோடு சண்டை பிடிக்கலாம், நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மழை நாளில் நாப்கின் காயாது. அரை ஈரத் துணி பிள்ளையின் சூட்டை உறிஞ்சும். அடுப்புக்கு மேலே காயப்போட்டால் புகை ஏறும். அயன்பெட்டி இருந்தால் தேய்த்து, ஆறவைத்துப் போடுங்கள். மலையிலிருந்து படங்கோடு நனைந்து வருகிற தாயும் முதலில் ஈரச் சேலையை மாற்றி, உடம்பைத் துடைத்து, பிறகு பிள்ளையைத் தூக்க வேண்டும்.

"எல்லாம் சரி டீச்சர், நேரம் எங்க?" என்று கேட்பீர்கள். இங்கேதான் சங்கம் வருகிறது.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் விடுமுறை உண்டு, பிள்ளை பிறந்த பிறகு 70 நாள். வேலைக்குத் திரும்பியதும், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக்கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இது துரையோ கங்காணியோ மனம் இரங்கித் தருவதல்ல, சட்டம்.

ஆனால் இந்த இடைவேளையைக் கேட்க நம் பெண்கள் பயப்படுகிறார்கள். பாலுக்குப் போய் வந்தால் கொழுந்து நிறை குறையும், நிறை குறைந்தால் அரைப்பேர். அந்த அரைப்பேருக்குப் பயந்துதான் அன்று அந்தத் தாய் பத்து மணிக்கு லயத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் போர்வையை அவரே எடுத்திருப்பார். பத்து வயதுப் பிள்ளையும் வகுப்பில் இருந்திருப்பாள்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நம் முன்னோர் கோப்பிக் காலத்தில் தம்புள்ளை வழியாக நடந்து வந்த பாதை அது. அன்று அவர்களுக்குக் கொடுத்த கம்பளிக்கும் கணக்கில் கடன் எழுதினார்கள். இன்று பிள்ளையின் போர்வையைச் சரிசெய்யப் போகும் அரை மணிக்கும் கணக்கு எழுதவிடக்கூடாது.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, மழைக்கு முன் பிள்ளை மடுவத்துக் கூரையைத் திருத்தி, தாய்மார் ஈரம் மாற்ற ஒரு மறைவும், துணி காயவைக்க ஒரு கொடியும் கட்டித்தர வேண்டும். இரண்டு, பால் கொடுக்கும் தாய்க்கு அந்த இரண்டு இடைவேளைகளுக்கும் ஏற்ப நிறையைக் குறைத்துக் கணக்கிட வேண்டும், அரைப்பேர் போடக்கூடாது. மூன்று, பிள்ளை பெற்ற வீடுகளின் காம்பராவில் தகரத்தின் கீழே சீலிங் அடிக்க வேண்டும். முதல் இரண்டையும் எழுதி, கமிட்டித் தலைவர் கையொப்பத்தோடு இந்த வாரமே துரையிடம் கொடுப்போம். மூன்றாவதை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புவோம்.

நம்மால் முடிந்ததையும் செய்வோம். ஒவ்வொரு லயத்திலும் வேலைக்குப் போகாத பெரியவர் ஒருவர், தாய் மலையில் இருக்கும்போது பச்சைப்பிள்ளையின் நெஞ்சையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.

மேட்டு லயத்துக்கு முதல் பெயர் கொடுக்கிறேன் என்று பாட்டி கை தூக்குகிறார். ஏழு பிள்ளை வளர்த்த கை அது. அவர் பெயரையே முதலில் எழுதிக்கொள்கிறேன்.