மாத்திரையை நிறுத்தினதும் வர்ற படபடப்பு

இன்னைக்கு எபிசோட் உங்க வீட்டுப் பெரியவங்களைப் பத்தி.

"நரம்பு மாத்திரை"ன்னு வீட்டுல சொல்வாங்க இல்லையா? டாக்டர் சீட்டுல எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின்னு ஏதாவது ஒரு பேர் இருக்கும். மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் கொடுக்கிற மருந்துகள். தாத்தா போனப்புறம் பாட்டிக்கு ஆரம்பிச்சிருப்பாங்க, அப்படியே நாலஞ்சு வருஷம் ஓடியிருக்கும். ஒருநாள் "இப்பதான் நல்லா இருக்கேனே, இது எதுக்கு?"ன்னு அவங்களே நிறுத்திடுவாங்க. இல்லைன்னா, வெளியூர்ல இருக்கிற மகன் வீட்டுக்குப் போன இடத்துல மாத்திரை அட்டை தீர்ந்திருக்கும்.

ரெண்டு மூணு நாள்ல தொடங்கும். தலைசுத்தல், குமட்டல், வியர்வை, விசித்திரமான கனவுகள், திடீர் அழுகை. சிலருக்கு மண்டைக்குள்ள சுரீர்னு ஷாக் அடிச்ச மாதிரி இருக்கும். கூடவே பதட்டம். ஆனா பெரியவங்க "பதட்டமா இருக்கு"ன்னு சொல்றது அபூர்வம். "நெஞ்சு படபடங்குது", "வயித்தைப் பிசையுது"ன்னுதான் சொல்வாங்க. ஈசிஜி எடுப்போம், எடுக்கவும் வேணும். அது நார்மல்னு வந்ததும் வீட்டுல ரெண்டு தீர்ப்பு வரும். ஒண்ணு, "வயசாயிடுச்சு, அப்படித்தான்." இன்னொண்ணு, "மாத்திரைக்கு அடிமையாயிட்டாங்க."

ரெண்டுமே தப்பா இருக்கலாம். போதைப்பொருள்ல வர்ற மாதிரி இன்னும் வேணும், இன்னும் வேணும்ங்கிற ஏக்கம் இதுல இல்லை. தினமும் வந்த மருந்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கிட்டது, திடீர்னு அது வரலைன்னதும் தடுமாறுது. பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் மாதிரி உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுற மருந்துகள்ல இந்தத் தடுமாற்றம் அதிகம். எல்லாருக்கும் இது வராது. 2024-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழ்ல வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, ஏறக்குறைய ஆறேழு பேர்ல ஒருத்தருக்கு இது வரும்னு கணக்கிட்டது.

அப்போ, இது பழைய நோயே திரும்பி வந்ததா, இல்லை மருந்தை நிறுத்தினதால வந்ததா? மூணு விஷயம் கவனிங்க. நிறுத்தின சில நாள்லயே வந்ததா? தலைசுத்தல், ஷாக் மாதிரி, முன்னாடி இல்லாத உடம்புத் தொந்தரவு கூட வந்ததா? டாக்டர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினதும் ஓரிரு நாள்ல குறைஞ்சுதா? ஆமான்னா, அது பெரும்பாலும் நிறுத்தினதால வந்தது. நோய் திரும்புறது பொதுவா வாரங்கள், மாசங்கள் கழிச்சு மெதுவா நடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கிறது ஏன் முக்கியம்? இருபத்தஞ்சு வயசுல தலை சுத்தினா உட்கார்ந்துக்கலாம். எழுபத்தஞ்சுல ராத்திரி பாத்ரூம் போகும்போது சுத்தினா, விழுந்து இடுப்பெலும்பு உடையலாம்.

சரி, பாதி மாத்திரையா உடைச்சுக் குறைச்சா போதுமா? 2019-ல் ஹொரோவிட்ஸ், டெய்லர்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதே இதழ்ல விளக்கினாங்க. சிட்டலோபிராம் 20 மில்லிகிராம்ல மருந்தோட தாக்கம் மூளையில ஏறக்குறைய 80 சதவீதம். 9 மில்லிகிராமா குறைச்சாலும் 70 சதவீதம் இருக்கு. அதாவது, முதல் பாதியைக் குறைக்கிறது சுலபம். கடைசிக் கொஞ்சத்துலதான் பெரிய இறக்கம். அதனால முடிய முடிய இன்னும் சின்னச் சின்னதா, இன்னும் மெதுவா இறங்கணும். சிலருக்கு மாசக்கணக்குல ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறதும் நல்லதில்லை, ரத்தத்துல மருந்து அளவு ஏறி இறங்கும். சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது. திட்டத்தை டாக்டர்தான் போடணும்.

நம்ம வேலை வேற. மாத்திரை டப்பாவைப் பாருங்க, அட்டை தீர ஒரு வாரம் முன்னாடியே வாங்கி வைங்க. குறைக்கிற நாட்கள்ல தினமும் ரெண்டு வரி குறிச்சு வைங்க: தூக்கம் எப்படி, தலை சுத்துச்சா? ராத்திரி பாத்ரூம் லைட் எரியட்டும். சாயந்திரக் காபியை நிறுத்திப் பாருங்க. வீடு மாறுறது, துக்கம் நடந்த சமயம் இதிலெல்லாம் குறைக்கிற வேலையைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேளுங்க. படபடப்பு வரும்போது "ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லாதீங்க. "இது மருந்து குறையுறதால வருது பாட்டி, கொஞ்ச நேரத்துல அடங்கும், நான் இங்கதான் இருக்கேன்"னு சொல்லுங்க. காரணம் தெரிஞ்சாலே பயம் பாதி இறங்கும்.

குழப்பமாப் பேசினா, நெஞ்சு வலிச்சா, வாழப் பிடிக்கலைன்னு சொன்னா காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. மனசு சம்பந்தமா பேசணும்னா டெலிமானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. "அந்த மாத்திரை இன்னும் எத்தனை இருக்கு?"ன்னு கேளுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.