தொலைபேசி புதிது, வானொலிப் பெட்டி பழையது



கையடக்கத் தொலைபேசிக்கும் மோட்டார்க் காரில் உள்ள வானொலிப் பெட்டிக்கும் இடையே இக்காலத்தில் அடிக்கடி மூளுகின்ற ஒரு பிணக்கைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். நேற்று மாலை வரை இரண்டும் ஒன்றோடொன்று இணங்கியிருந்தன. தொலைபேசியில் இருந்த பாட்டு காரின் ஒலிபெருக்கியில் ஒலித்தது. அழைப்பு வந்தால், சாரதி தம் கைகளைச் சுக்கானிலிருந்து எடுக்காமலே பேச முடிந்தது. இரவில் தொலைபேசி மின்னேற்றத்தில் கிடந்த வேளையில், அதன் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் காரை இயக்கினால் பெட்டி அத்தொலைபேசியை முன்பின் அறியாதது போல் இருக்கிறது. சில வேளை பாட்டு வருகிறது, அழைப்பு வருவதில்லை. அழைப்பு வந்தால் அழைப்பவர் பெயர் வருவதில்லை. தொலைபேசி பழுதாகவில்லை, பெட்டியும் பழுதாகவில்லை. ஆயினும் இரண்டுக்கும் இடையே இருந்த உறவு அறுந்துவிட்டது.

பாட்டுக் கேளாது போனால் என்ன, குடி முழுகிவிடுமா என்று சிலர் கேட்கலாம். பாட்டு மட்டுமானால் நானும் இதனை ஒரு பேச்சுக்குரிய பொருளாகக் கொண்டிருக்க மாட்டேன். வாகனம் ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் ஏந்திப் பேசுவதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. அச்சட்டத்துக்கு அமைந்து நடக்கவே பலர் தம் தொலைபேசியைக் காரின் பெட்டியோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே வாடகை வான் ஓட்டும் ஒருவருக்கு அந்த இணைப்பு ஒரு தொழிற்கருவி. அது நடுவழியில் ஒழிந்தால் அவர் கை தானாகவே தொலைபேசியை நாடும். கண்ணும் அதனைத் தொடரும். ஒரு கணம் கண் வீதியை விட்டு விலகுவதற்கு எத்தகைய விலை கொடுக்க நேரிடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்பிணக்கு எங்ஙனம் உண்டாகிறது என்பதை முதலிற் பார்ப்போம்.

தொலைபேசியும் பெட்டியும் கம்பியின்றிப் பேசும் முறைக்குப் புளூடூத் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனின் பட்டப் பெயர் அது. பிரிந்து கிடந்த மக்களை அவன் ஒன்று சேர்த்தான் என்பது வரலாறு. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்று சேர்க்கும் முறைக்கும் அப்பெயரையே இட்டனர். 1998 ஆம் ஆண்டில் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தொஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இதற்கென ஒரு சங்கம் அமைத்தன. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில், 79 சிறு தடங்களில், ஒரு செக்கனுக்கு 1600 முறை தடம் மாறித் தாவிக்கொண்டே இரு கருவிகளும் பேசுகின்றன. அருகில் உள்ள பிற கருவிகளின் இரைச்சலுக்குத் தப்பவே இவ்வளவு தாவல்.

ஆனால், இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளூடூத் என்பது ஒரே உடன்படிக்கை அன்று. பல உடன்படிக்கைகளின் தொகுதி. பாட்டை அனுப்புவதற்கு ஓர் உடன்படிக்கை, உரையாடலுக்கு வேறொன்று, பெயர்ப் பட்டியலைக் கொடுப்பதற்கு இன்னொன்று, அடுத்த பாட்டு, முந்திய பாட்டு என்று ஆணையிடுவதற்கும் பாட்டின் பெயரைத் திரையிற் காட்டுவதற்கும் மற்றொன்று. பாட்டு வந்து அழைப்பு வாராது போவதன் காரணம் இதுவே. இவை ஒவ்வொன்றுக்கும் காலத்துக்குக் காலம் புதிய பதிப்புகள் வெளிவருகின்றன. ஆணையிடும் உடன்படிக்கைக்கு மட்டும் 1.3, 1.4, 1.5, 1.6 என்று பல பதிப்புகள் வழக்கில் உள்ளன.

புதியது பழையதோடு இணங்கிப் போக வேண்டும் என்பதே ஏட்டில் எழுதிய விதி. நடைமுறையோ வேறு. பெட்டியைச் செய்தவர் அன்றிருந்த சில தொலைபேசிகளோடு அதனைச் சோதித்துப் பார்த்து விற்பனைக்கு விட்டார். விதியின் ஒரு வரியை அவர் ஒருவாறு பொருள்கொண்டார். தொலைபேசி செய்தவர் வேறொருவாறு பொருள்கொண்டார். பழைய மென்பொருள் அந்தப் பிழையைப் பொறுத்துக்கொண்டது. புதிய மென்பொருள் விதியை எழுத்துக்கு எழுத்து நோக்குகிறது. அல்லது தான் 1.6 ஆம் பதிப்புப் பேசுவதாக அறிவிக்கிறது, 1.3 மட்டும் கற்ற பெட்டி திகைத்து நிற்கிறது.

இதற்கு ஒரு சான்று தருகிறேன். 2012 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ஆண்ட்ரொயிட் 4.2 என்னும் பதிப்பில், புளூடூத்தை இயக்கும் மென்பொருட் பகுதி முழுவதையும் கூகிள் நிறுவனம் மாற்றியது. பழைய பகுதியை அகற்றி, புரோட்கொம் நிறுவனத்தோடு சேர்ந்து ஆக்கிய புதிய பகுதியை வைத்தது. அதன் பின்னர் ஒலி அறுந்து அறுந்து வருவதாகவும், இணைப்பு நில்லாதிருப்பதாகவும் பல இடங்களிலிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. 2013 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த 4.2.2 என்னும் திருத்தம் ஒலிக் குறைகளைச் சீர் செய்யவே வந்தது எனலாம். பாட்டின் பெயரைக் காட்டும் 1.3 ஆம் பதிப்போ அதே ஆண்டின் நடுப்பகுதியில் வந்த 4.3 இல் தான் சேர்ந்தது. அவ்வளவு காலமும் காரின் பெட்டி செய்த குற்றம் யாது? ஒன்றுமில்லை. வீட்டின் அத்திவாரத்தை மாற்றினார் ஒருவர். அயல்வீட்டுச் சுவர் வெடித்தது.

அப்படியாயின் புதுப்பிப்பே வேண்டா என்று சொல்லிவிடலாமா? ஆகாது. புதுப்பிப்புகளிற் பல நம்மைக் காக்க வருவன. 2019 ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர் ஒரு பெருங் குறையை வெளியிட்டனர். இரு கருவிகள் தமக்குள் வைத்துக்கொள்ளும் இரகசியத் திறவுகோலின் நீளத்தை, இடையில் நிற்கும் கள்வன் ஒரே ஒரு பைட் அளவுக்குக் குறைத்துவிட முடியும் என்று அவர்கள் காட்டினர். அத்துணைச் சிறிய திறவுகோலைக் கண்டுபிடிப்பது கணினிக்கு விளையாட்டு. ஆகவே, திறவுகோல் 7 பைட்டுக்குக் குறையலாகாது என்று சங்கம் பின்னர்ப் பரிந்துரைத்தது. தொலைபேசி செய்வோர் அதனை ஏற்றுப் பூட்டை வலுவாக்குவது கடமை. அப்பொழுது, சிறிய திறவுகோலையே நம்பியிருக்கும் பழைய கருவி வாசலில் நிறுத்தப்படுவதும் இயல்பு. காவலைக் கூட்டினால் பழைய உறவினரும் சில வேளை வெளியே நிற்க நேரும்.

எனவே வழக்கின் உண்மை இதுதான்: புதுப்பிப்பவர் மேலும் குற்றம் முழுவதும் இல்லை, பெட்டி செய்தவர் மேலும் முழுவதும் இல்லை. இரண்டு பொருள்களின் ஆயுட்காலம் வேறு என்பதே அடிப்படைத் தொல்லை. தொலைபேசியின் பெரும் புதுப்பிப்பு ஆண்டுக்கு ஒன்றாக வருகிறது. சிறு திருத்தங்கள் மாதந்தோறும் வருகின்றன. காரோ பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடுகிறது.

நம் நாட்டில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் இடம் பெற்றது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இருந்த வண்டியையே பேணி ஓட்டினோம். மேலும், நாம் வாங்குவனவற்றுட் பல யப்பானில் ஓடிப் பின் இங்கு வந்தவை. அவற்றின் பெட்டிகள் யப்பானிய மொழியிலேயே பேசுகின்றன. அங்குள்ள பண்பலை வானொலி 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி நெடுங்காலம் 90 உடன் முடிந்தது. நமதோ 108 வரை செல்கிறது. ஆதலால் அத்தகைய கார் வாங்கியோர் நம் நிலையங்கள் பலவற்றைக் கேட்பதற்கே இடையில் ஓர் அலைமாற்றுக் கருவி பூட்ட வேண்டியதாயிற்று. தாய்நாட்டை விட்டு வந்த அந்தப் பெட்டிக்கு மென்பொருள் திருத்தம் கொடுக்க இங்கே எவர் இருக்கிறார்? வாகனத்தைத் திருத்துபவரிடம் போனால், தொலைபேசிக் கடைக்குப் போகச் சொல்கிறார். தொலைபேசிக் கடைக்காரர், காரில் தான் பிழை என்கிறார். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி.

வானொலி வழியாகப் பேசும் நான், வானொலியின் வரலாற்றிலிருந்தே ஒரு பாடத்தை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பண்பலையில் இடம் வலம் என்னும் இரு பக்க ஒலியையும் அனுப்பும் ஸ்ரீரியோ முறைக்கு அங்கீகாரம் கிடைத்தது. இடத்தை ஓரலையிலும் வலத்தை மற்றோரலையிலும் அனுப்பியிருந்தால், பழைய பெட்டி வைத்திருந்தோர் பாதிப் பாட்டையே கேட்டிருப்பர். பொறியியலாளர் அவ்வாறு செய்யவில்லை. இரண்டையும் கூட்டி வந்த ஒலியை வழக்கமான இடத்திலேயே வைத்தனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 38 கிலோஹேர்ட்ஸில் ஒரு துணையலையில் ஏற்றி, 19 கிலோஹேர்ட்ஸில் ஒரு வழிகாட்டி ஒலியையும் வைத்தனர். புதிய பெட்டி இரண்டையும் சேர்த்துப் பிரித்து இரு பக்க ஒலியைத் தந்தது. பழைய பெட்டியோ, துணையலையை அறியாமலே, முழுப் பாட்டையும் முன்போலவே பாடியது. 1953 ஆம் ஆண்டில் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட வண்ணத் தொலைக்காட்சி முறையும் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளைக் கைவிடாமலே அமைந்தது. ஏழை வீட்டுப் பழைய பெட்டி ஊமையாகக் கூடாது என்பதை ஒரு பொறியியல் விதியாகவே அவர்கள் கொண்டிருந்தனர்.

அந்த ஒழுக்கம் தளர்ந்தால் வானொலியும் தீங்கு செய்யும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. 2022 ஆம் ஆண்டு சனவரி இறுதியில், அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஒரு வானொலி நிலையம் தன் எண்ணிம ஒலிபரப்போடு சில படங்களையும் அனுப்பியது. அப்படக் கோப்புகளின் பெயரில், அவை எவ்வகைக் கோப்பு என்று காட்டும் ஈற்றுப் பகுதி விடுபட்டிருந்தது. 2014 முதல் 2017 வரையிலான மஸ்டா கார்கள் சிலவற்றின் பெட்டிகள் அவற்றைப் பெற்றதும் மயங்கின. திரை ஓயாது அணைந்து அணைந்து எழுந்தது. வானொலி அந்த ஒரே நிலையத்தை விட்டு நகர மறுத்தது. உள்ளிருந்த உறுப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. அனுப்புபவர் ஒரு சிறு விதியை விட்டார். பெறுபவர் பிழை வந்தால் தாங்கும் வகை செய்து வைக்கவில்லை. இருவர் கவனக்குறைவும் கூடியபோது, செலுத்துபவர் துன்புற்றார்.

இனி, நாம் செய்யக்கூடியவை எவை? முதலாவது, புதுப்பித்த பின் இணைப்பு அறுந்தால், தொலைபேசியிலும் பெட்டியிலும் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக இணைத்துப் பாருங்கள். பெயர்ப் பட்டியலுக்கு அனுமதி கேட்டால் மீண்டும் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தாற் போதாது. இரண்டாவது, பெட்டிக்கு அதன் தயாரிப்பாளர் திருத்தம் வெளியிட்டிருக்கிறாரா என்று விசாரியுங்கள்; பல பெட்டிகளுக்கு அதனை ஒரு யூ.எஸ்.பி. நினைவகத்தின் வழியாக ஏற்றலாம். மூன்றாவது, ஆண்ட்ரொயிட் தொலைபேசிகளில், மென்பொருள் ஆக்குவோருக்கென ஒதுக்கிய பகுதியில், நான் முன் சொன்ன 1.3 முதல் 1.6 வரையிலான பதிப்பைத் தெரிவுசெய்ய வழி உண்டு. பழைய பெட்டிக்குப் பழைய பதிப்பைத் தெரிவுசெய்தால் சில வேளை பிணக்குத் தீரும். நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரும் புதுப்பிப்பைச் சில வாரம் பொறுத்து ஏற்றுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பின்போடாதீர்கள். ஏற்றிய பின் முந்திய பதிப்புக்குத் திரும்புவது பெரும்பாலும் இயலாது. இவையெல்லாம் பயன்படாவிட்டால், பெட்டியில் துளை இருக்குமாயின் ஒரு கம்பி பாட்டுக்குப் போதும். கம்பிக்குப் பதிப்பு இல்லை. எதுவாயினும், வண்டி நிற்கும்போதே இவற்றைச் செய்யுங்கள்.

செய்வோரிடமும் கேட்க வேண்டியது உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் இயற்றி 2022 ஆம் ஆண்டு சனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தின்படி, மென்பொருள் அடங்கிய பொருளை விற்பவர் அது ஒப்பந்தப்படி இயங்குவதற்கு வேண்டிய புதுப்பிப்புகளைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். 2025 ஆம் ஆண்டு யூன் 20 முதல், விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது ஐந்தாண்டு தொலைபேசிகளுக்குப் புதுப்பிப்புத் தர வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. இவை நல்லவை. ஆனால், இவை ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நோக்குகின்றன. ஒருவர் தம் பொருளைப் புதுப்பித்ததால் மற்றவர் பொருள் ஊமையானால், அதற்கு விடை சொல்பவர் யார்? பாதுகாப்புத் திருத்தத்தையும் அலங்கார மாற்றத்தையும் வேறு வேறாக அனுப்புக. எந்தப் பழைய பெட்டிகளோடு சோதித்தீர்கள் என்பதை வெளியிடுக. காரின் ஆயுள் முழுவதும் அதன் பெட்டிக்குத் திருத்தம் கொடுக்க வழி செய்க என்று கேட்பது மிகையன்று.

புதுமை வரட்டும், அதனை எவரும் தடுக்க முடியாது. ஆனால், வீட்டுக்குள் புதிதாக வருபவர், முன்பே இருப்பவரின் பேச்சையும் சிறிது கற்றுக்கொண்டு வருவது முறை. 1961 இல் வானொலிப் பொறியியலாளர் அதனைச் செய்து காட்டினர். அவர்களிடம் இருந்தவை இன்றுள்ள கருவிகளிற் பல மடங்கு எளியவை. ஆகவே, இது இயலாத செயல் அன்று. எண்ணினால் இயலும் செயலே.