வீங்கிய கையும் பால்குடமும்

(மாதர் நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஒரு தைப்பூசத்திற்கு மூன்று மாதம் இருக்கையில் ஓர் அம்மையார் என்னிடம் பிசியோதெரபி சிகிச்சைக்கு வந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. உயிர் பிழைத்ததற்கு நன்றியாகப் பத்துமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்திருந்தார். ஆனால் இடக்கை வீங்கியிருந்தது. ஆறு மாதமாக அதைச் சேலைத் தலைப்பால் மறைத்து வந்திருக்கிறார். "பிழைத்ததே பெரிது, இதைப் போய் யாரிடம் சொல்வது?" என்றார். அந்த மௌனத்தைக் கலைக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கையிலிருந்து திரும்பும் நிணநீர் அக்குளிலுள்ள கணுக்களின் வழியே செல்கிறது. அறுவையில் அக்கணுக்களை அகற்றும்போதும், அங்கே கதிர்வீச்சு கொடுக்கும்போதும் அவ்வழி தடைபடலாம். தேங்கும் நீரே வீக்கமாகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013ஆம் ஆண்டு வெளியான மதிப்பீட்டின்படி, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ ஐந்து பெண்களில் ஒருவருக்கு இவ்வீக்கம் வருகிறது. வளையல் இறுகுவதும், ரவிக்கைக் கை பிடிப்பதும், கை கனப்பதும் முதல் அறிகுறிகள். அப்போதே வந்தால் வீக்கம் எளிதில் வடியும். நாள் கடந்தால் தோலும் அதன் அடியிலுள்ள திசுவும் தடித்துக் கடினமாகிவிடும்.

சிகிச்சை நான்கு அங்கங்கள் கொண்டது. முதலாவது, நிணநீரை வடியச் செய்யும் மென்மையான தடவல். 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதியர் வகுத்த முறை இது. தைலம் தேய்த்து அழுத்தி உருவி விடுவது வேறு, இது வேறு. இங்கே தோலை மட்டும் மெல்ல நகர்த்துகிறோம். இரண்டாவது, பல அடுக்குக் கட்டு. சில வாரங்களில் வீக்கம் குறைந்தபின், பகலில் அணிய அளவெடுத்த அழுத்த உறை தரப்படும். மூன்றாவது, உடற்பயிற்சி. நான்காவது, தோல் பராமரிப்பு. சிறு கீறலும் கிருமி நுழைய வழியாகும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்தக் கையில் அலகு குத்திக்கொள்ள வேண்டாம். காப்புக் கயிற்றையும் மறுகையில் கட்டும்படி குருக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்தி அதனால் குறையாது.

"இனிப் பாரமே தூக்கக்கூடாதா?" என்று கேட்பீர்கள். முன்பு அப்படித்தான் சொல்லி வந்தோம். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் 141 பெண்களிடம் நடத்திய ஆய்வு அதை மாற்றியது. மேற்பார்வையில், சிறிது சிறிதாக எடையைக் கூட்டித் தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை. பழகாத கை திடீரென்று தூக்குவதுதான் ஆபத்து.

அந்த அம்மையாருக்கும் அப்படியே செய்தோம். மூன்று வாரம் கட்டு, பின்னர் உறை, அதன்பின் அரைக் கிலோவில் தொடங்கிப் பயிற்சி. தைப்பூசத்தன்று உறை அணிந்த கையோடு, குடத்திற்குப் பதில் சிறு செம்பில் பால் ஏந்தி 272 படிகளும் ஏறினார். கை ஓய்ந்தபோது மகள் தாங்கிக்கொண்டாள். வீக்கம் முற்றிலும் மறையவில்லை. ஆனால் கட்டுக்குள் இருக்கிறது. அவர் இப்போது கையை மறைப்பதும் இல்லை.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அழுத்த உறை ஏறத்தாழ ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். புதியது வாங்க வசதியின்றிப் பழையதையே அணிந்து, வடிந்த வீக்கம் மீண்டும் ஏறி வருபவர்களைப் பார்க்கிறேன். ஆண்டுக்கு ஒரு பெண்ணுக்கு இரண்டு உறை என்று உங்கள் மருத்துவ உதவியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே, உங்கள் வீட்டில் யாரேனும் கையை மறைத்தால், அன்போடு கேட்டு அழைத்து வாருங்கள்.

எல்லாம் வல்ல முருகன் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.