ஒரே ஒரு சிவப்பு



இந்தத் திருவருகைக்காலத்தில் இரவு ஒன்பது மணிக்குமேல் கிழக்கே பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு வடக்கே சிவப்பாகத் தெரிவது திருவாதிரை. தெற்கே மங்கலாகப் புகைபோல ஒன்று இருக்கிறது. ஓரியன் நெபுலா என்பார்கள். 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். நம் திருவரங்குளத்துத் தெருவிளக்குகளுக்கு நடுவே நின்று பார்த்தால் சரியாகப் புலப்படாது.

ஆனால் தெருவிளக்கு எரியும் ஊர்களிலிருந்தே அதை அழகாகப் படம் எடுக்கிறார்கள், பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள். எப்படி? அந்தப் புகையிலுள்ள ஹைட்ரஜன் வாயு குறிப்பிட்ட ஒரு சிவப்பு ஒளியை வீசுகிறது. அதன் அலைநீளம் 656.3 நானோமீட்டர். அந்தச் சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரைக் கேமராவுக்கு முன்னால் மாட்டுகிறார்கள். தெருவிளக்கு, நிலா வெளிச்சமெல்லாம் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். மிஞ்சுவது கொஞ்சம் என்பதால் ஒரு படத்துக்கே ஐந்து நிமிடம் திறந்து வைக்க வேண்டும். அப்படிப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பார்கள். விடிய விடிய வேலை.

நமது கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் 1912 முதல் சூரியனை இதே சிவப்பில் படம் எடுத்து வருகிறார்கள். கண்ணைக் கூசும் சூரியனில் மற்ற ஒளியையெல்லாம் தடுத்த பிறகே அதன் விளிம்பில் எழும் சுடர்கள் தெரிகின்றன.

ஃபில்டர் வெளிச்சத்தைக் கூட்டவில்லை, பாருங்கள். குறைக்கத்தான் செய்கிறது. நாமோ திருவிழாவுக்கு ஒலிபெருக்கி போதவில்லை என்று சண்டை போடுகிறவர்கள்! ஓரேபு மலையில் எலியாவுக்குப் பெருங்காற்று வீசியது, நிலம் ஆடியது, நெருப்பும் வந்தது. எல்லாம் ஓய்ந்தபின் கேட்ட சின்னச் சத்தத்துக்குத்தான் அவர் முகத்தை மூடிக்கொண்டு குகை வாசலுக்கு வந்தார்.

சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். என் கையில் கைபேசி. மனத்தில் கூரை வேலைக் கணக்கு. "மகன் பேசுறதே இல்ல சாமி" என்று தொடங்கினார். "செபிக்கிறேம்மா" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். இரவு படுக்கும்போது அது என்னவென்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் கோயிலுக்கு வரவில்லை.

இந்தப் பதிவு முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகிறேன். கைபேசி பங்கு இல்லத்திலேயே இருக்கட்டும்.