ஓடுதா, ஓட்டுறாங்களா? ‘ரன்’ என்ற மூணெழுத்து வினைச்சொல்

(ஒலிப்பதிவைக் கொஞ்சம் சீர்செய்த எழுத்து வடிவம்)

இந்த வாரம் புது ஃபிரேம்வொர்க் இல்ல, ஏஐ இல்ல, லேஆஃப் செய்தியும் இல்ல. ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல் மட்டும்தான். ஆங்கிலத்துல எழுதினா மூணே எழுத்து. ஒண்ணாங் கிளாஸ்லயே நமக்குச் சொல்லிக் கொடுத்துட்டாங்க: ‘ரன்’ன்னா ஓடு. பக்கத்துல ஒரு பையன் ஓடுற படமும் இருக்கும். மேட்டர் ஓவர்னு நினைச்சுட்டு நாம அடுத்த பக்கத்துக்குப் போயிட்டோம்.

ஆனா ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில பீட்டர் கில்லிவர்னு ஒரு அகராதியியலாளர் இந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுத ஒன்பது மாசம் எடுத்துக்கிட்டார். ஒரு சொல்லுக்கு ஒன்பது மாசம்! அந்த நேரத்துல எங்க ஆபீஸ்ல ஒரு லாகின் பேஜை மூணு தடவை டிசைன் மாத்தியிருப்பாங்க. அவர் முடிச்சப்போ கணக்கு 645 பொருள். 1989-ல வந்த இரண்டாம் பதிப்பில ‘செட்’ங்கிற வினைதான் முதலிடத்துல இருந்தது, 430 பொருளோட. அப்புறம் திருத்தம் பண்ணப் பண்ண 2000-ல ‘மேக்’ முந்துச்சு, 2007-ல ‘புட்’ முந்துச்சு, 2011-ல ‘ரன்’ எல்லாத்தையும் தாண்டிப் போயிடுச்சு.

சரி, 645 பெரிய நம்பர்தான். ஆனா அது குவிஸ் போட்டிக்குத்தான் உதவும். நமக்கு வேற பிரச்சினை. நம்மள்ல நிறைய பேர் ‘அல்காரிதம்’, ‘கான்கரன்சி’ மாதிரி பெரிய சொல்லுக்கெல்லாம் பயப்படறதில்ல. அதையெல்லாம் புத்தகத்துல படிச்சிட்டோம். ஆபீஸ்ல நம்மள மாட்டிவிடறது இந்தக் குட்டிச் சொற்கள்தான். ‘ரன் இட் பை மீ’ன்னு மேனேஜர் சொன்னா எதையும் ஓட்டிக் காட்ட வேண்டாம், ‘செய்யறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு’ன்னு அர்த்தம். ‘ரன் இன்டு அன் இஷ்யூ’ன்னா சிக்கலை நோக்கி ஓடறது இல்ல, போற வழியில சிக்கல் எதிர்ப்பட்டது. ‘ரன் அவுட்’டுன்னா கிரிக்கெட்ல ஆட்டமிழப்பு, சர்வர்ல மெமரி தீர்ந்துபோறது. இதையெல்லாம் எந்தப் பாடப் புத்தகமும் நமக்குச் சொல்லித் தரல.

இது எவ்வளவு தூரம் போகும்னு சொல்றேன். என்கூடப் படிச்ச ஒரு நண்பன், பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். வேலையில கெட்டிக்காரன். ஐந்து பேர் கொண்ட டீமை ஒன்றரை வருஷம் இவன்தான் கவனிச்சுக்கிட்டான். வேலையைப் பிரிச்சுக் கொடுத்து, கிளையன்டோட பேசி, ரிலீஸ் வரைக்கும் கொண்டு போனான். ஒரு பெரிய கம்பெனி இன்டர்வியூவுல கேட்டாங்க: ‘டெல் மீ அபௌட் எ ப்ராஜெக்ட் யூ ரேன்.’ நீ தலைமையேற்று நடத்தின ஒரு ப்ராஜெக்டைப் பத்திச் சொல்லுங்கறதுதான் கேள்வி. இவனுக்கு ‘ரன்’னா கோட் ரன் பண்றது. எந்த சர்வர், என்ன கமாண்ட், எந்த வெர்ஷன், டிப்ளாய் பண்ணும்போது என்ன எரர் வந்துச்சுன்னு பத்து நிமிஷம் விளக்கமா சொல்லியிருக்கான். அவங்க தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு மெயில்: தலைமைப் பொறுப்பில அனுபவம் போதாது.

தப்பு அவன் மேலன்னு நான் நினைக்கல. பதில் வேற திசையில போகுதுன்னு இரண்டாவது நிமிஷத்துலயே தெரிஞ்சிருக்கும். ‘டீமை எப்படி நடத்தினீங்கன்னு கேட்டேன்’னு எதிர்ல இருந்தவர் ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனா இன்டர்வியூவுல அந்த ஒரு வரி கிடைக்கும்னு யாரும் நம்பி உட்கார முடியாது. அதனாலதான் இந்தச் சொல்லை உள்ளே திறந்து பார்க்கலாம்னு தோணுச்சு. 645-ஐயும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. சுவாரஸ்யமான விஷயம் என்னன்னா, இதுக்கான சாவி நம்ம தமிழ் இலக்கண வகுப்புலயே இருக்கு.

தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கா? ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை. ஆடு–ஆட்டு, கூடு–கூட்டு மாதிரி. குதிரை ஓடுது, நான் குதிரையை ஓட்டுறேன். தானா நடக்கறது ஒண்ணு, இன்னொருத்தர் நடக்க வைக்கறது இன்னொண்ணு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலயும் இதே மாதிரி இரண்டு தனி வினைகள் இருந்தது. ‘ரின்னன்’னா ஓடு, ‘ஆர்னன்’னா ஓட்டு. குதிரையை விரட்டி ஓட்டிட்டுப் போறதுக்கு இந்த இரண்டாவது வினையைத்தான் சொன்னாங்க. ‘ரின்னன்’னுக்கு ‘இர்னன்’னு இன்னொரு வடிவமும் உண்டு. எழுத்து இடம் மாறியிருக்கு பாருங்க, மதுரையை மருதைன்னு சொல்ற மாதிரி. பின்னால வைக்கிங்குகள் பேசின நார்ஸ் மொழியோட தாக்கமும் சேர்ந்து, காலப்போக்கில இரண்டு வினையும் ஒண்ணோட ஒண்ணு கலந்து ‘ரன்’னு ஒரே சொல்லா ஆயிடுச்சு.

அதாவது நாம ‘ஓடு’, ‘ஓட்டு’ன்னு பிரிச்சு வச்சிருக்கறதை ஆங்கிலம் ஒரே பெட்டியில போட்டு மூடிடுச்சு. ‘தி ரிவர் ரன்ஸ்’ன்னா ஆறு ஓடுது. ‘ஷி ரன்ஸ் தி கம்பெனி’ன்னா கம்பெனியை அவங்க ஓட்டுறாங்க. சொல் ஒண்ணுதான். அதனால எங்கே ‘ரன்’ கேட்டாலும் மனசுக்குள்ள ஒரு கேள்வி போடுங்க: இது ஓடுதா, ஓட்டுறாங்களா? என் நண்பன்கிட்ட கேட்ட கேள்வியில ஓட்டுறவன் அவன், ஓட்டப்பட்டது ப்ராஜெக்ட். ப்ராஜெக்டை ஓட்டறதுன்னா நடத்தறது. தமிழ்லயும் ‘அந்தக் கடையை அவர்தான் ஓட்டுறார்’னு சொல்றோமே, அதேதான்.

இன்னொரு விஷயம், கால் இருக்கறதுதான் ஓடணும்னு இல்ல. பழைய ஆங்கிலத்திலேயே தண்ணியும் ரத்தமும் இந்த வினையாலதான் ஓடுச்சு. ஜெர்மன்ல இன்னிக்கும் ‘ரின்னன்’னா வழியறது, சொட்டறது. ஆங்கிலத்துல மூக்கு ‘ரன்’ ஆகும், நமக்கு ஒழுகும். துவைக்கும்போது சாயம் ‘ரன்’ ஆகும், நமக்குச் சாயம் போகும். சுவர்ல பெயின்ட் வழிஞ்சாலும் ‘ரன்’தான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது சீஸ் கதை. பாலைத் திரிய வைக்கக் கன்றுக்குட்டியோட வயித்துலேர்ந்து எடுக்கற ஒரு பொருளுக்கு ‘ரென்னட்’னு பேரு. அதுவும் ‘ரன்’ குடும்பம்தான்! பழைய ஆங்கிலத்துல ஒண்ணா ஓடிச் சேர்றதுன்னா உறையறது. பால்ல சிதறிக் கிடக்கறதெல்லாம் ஓடி வந்து ஒண்ணா கட்டிக்கறதா பார்த்திருக்காங்க. ஜெர்மன்ல இன்னிக்கும் ரத்தம் உறையறதுக்கு ‘கெரின்னன்’னுதான் சொல்றாங்க. ஓடறதும் உறையறதும் ஒரே வேர்லேர்ந்து. அடுத்த தடவை பீட்சா சாப்பிடும்போது பக்கத்துல இருக்கறவங்களை இதைச் சொல்லிக் கடுப்பேத்தலாம்.

அப்புறம் இயந்திரங்கள் வந்துச்சு. மில் ஓடுது, ரயில் ஓடுது, அச்சு இயந்திரம் ஓடுது. ஓடுதுன்னா யாரோ ஓட்டணும். ஓட்டறவர் முதலாளியாவோ மேனேஜராவோ ஆகிறார். இந்தச் சொல்லை இந்த அளவுக்குக் கொழுக்க வச்சது இயந்திரங்கள்தான்னு எனக்குத் தோணுது. கம்ப்யூட்டருக்கும் அங்கேயிருந்துதான் வந்துச்சு. 1964 மே 1, விடிகாலை நாலு மணி. அமெரிக்காவில டார்ட்மவுத் கல்லூரியில ஜான் கெமெனியும் ஒரு மாணவரும் தனித்தனி டெர்மினல்ல உட்கார்ந்து ஒரே நேரத்துல ‘ரன்’னு டைப் பண்ணாங்க. இரண்டு பேருக்கும் சரியான விடை வந்துச்சு. பேசிக் மொழி பிறந்த நேரம் அது. இன்னிக்கு நாம டாக்கர்ல அடிக்கற கமாண்ட்லயும் அதே மூணெழுத்துதான்.

கிரிக்கெட்டை விட்டா நீங்க திட்டுவீங்க. இரண்டு பேர் நிஜமாவே ஓடினதாலதான் அது ‘ரன்’. பழைய காலத்துல குச்சியில வெட்டுப் போட்டு எண்ணுவாங்க, அதனால ஸ்கோருக்கே ‘நாட்ச்’, அதாவது வெட்டுன்னு ஒரு பேர் இருந்தது. ஓட்டத்தை எண்ண ஆரம்பிச்ச ஆட்டத்துல இன்னிக்குப் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டா யாரும் ஓட வேண்டாம், ஆனாலும் நாலு ‘ரன்’.

‘பேங்க் ரன்’னும் இப்படித்தான். பேங்க் மூழ்கப் போகுதுன்னு பயந்து பணத்தை எடுக்க ஜனங்க வாசலுக்கு ஓடறது. 2023 மார்ச் 9 அன்னிக்கு சிலிக்கான் வேலி பேங்க்ல ஒரே நாள்ல 4,200 கோடி டாலரை எடுக்கப் பார்த்தாங்க. மறுநாள் பேங்கை மூடிட்டாங்க. வாசல்ல பெருசா கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே, நிறைய பேர் உட்கார்ந்த இடத்துலேர்ந்து போன்லயும் லேப்டாப்லயும் ‘ஓடி’ முடிச்சுட்டாங்க. நம்ம ஸ்டார்ட்அப் மக்கள் கையில எத்தனை மாசத்துக்குக் காசு இருக்குங்கறதை ‘ரன்வே’ன்னு சொல்றாங்களே, அதுல பல பேரோட ‘ரன்வே’ அந்த பேங்க்லதான் மாட்டியிருந்தது.

தேர்தலுக்கு மட்டும் நாம வேற கட்சி. அமெரிக்காவில வேட்பாளர் ‘ரன்’ பண்ணுவார், ஓடுவார். பிரிட்டன்ல ‘ஸ்டாண்ட்’, நிற்பார். நம்ம ஊர்லயும் நிற்கத்தான் செய்றார்.

மத்தபடி தமிழ் ‘ஓடு’ ஒண்ணும் இளைச்சதில்ல. படம் நூறு நாள் ஓடுது, டிவியில மேட்ச் ஓடுது, பொழப்பு ஓடுது, மண்டையில ஒண்ணும் ஓடல. இவ்வளவையும் ஓட விட்ட நாம கோடை மட்டும் ‘ரன் பண்ணு’ன்னு சொல்றோம். பாடப் புத்தகம் ‘இயக்கு’ங்குது. ‘ஓட்டு’ன்னா கலாய்க்கறதுன்னு வேற அர்த்தம் வந்துடுதேன்னு பலருக்குத் தயக்கம் போல. எங்க டீம்ல கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் இருக்கார். அவர் மட்டும் ராத்திரி ரிலீஸ் கால்ல கூச்சமே இல்லாம, ‘அந்த ஸ்கிரிப்டை ஒருக்கா ஓட்டிப் பாருங்க’ம்பார். எல்லாருக்கும் உடனே புரிஞ்சுடும். உங்க டீம்ல யாராவது அப்படிச் சொல்றாங்களா? வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லா இருக்கறதை அடுத்த எபிசோட்ல போடறேன். அடுத்த வாரம் ‘செட்’டை எடுக்கலாமா, ‘கெட்’டை எடுக்கலாமான்னும் சொல்லுங்க.